தேத்தண்ணியின் 'தே'

ஸ்கிரபிள் பலகையில் 'டீ' என்ற ஆங்கிலச் சொல்லின் மூன்று எழுத்துக்கும் தலைக்கு ஒரு புள்ளிதான், மொத்தம் 3. அதே பானத்துக்கு ஆங்கில அகராதி இடங்கொடுத்திருக்கும் இன்னொரு மூன்றெழுத்துச் சொல் 'சா'. அதை வைத்தால் 8 புள்ளி. 'சாய்' என்று நான்கெழுத்தாக நீட்டினால் 9. பிரித்தானியப் படைவீரர் இந்தியாவில் பழகி ஊருக்குக் கொண்டுபோன 'சார்' என்பதும் 9. பிரித்தானியப் பட்டியலை வைத்து ஆடுபவருக்கு 'டே' என்று ஒலிக்கும் அயர்லாந்து வழக்கும் கிடைக்கும், அதற்கு 6. ஒரே செடியின் இலைக்கு ஒரே மொழியில் ஐந்து பெயர். புள்ளிக்காகப் பட்டியலை மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் இவை ஏன் இப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்று கேட்பதில்லை. கேட்டால், விடையின் ஒரு பெரிய துண்டு இலங்கையின் அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களின் அடுப்படியிலேயே கிடைக்கும்.

அங்கே விடியப்புறம் ஊற்றுவது தேத்தண்ணி. பள்ளிக்கூடத்தில் அதைத் 'தேநீர்' என்று திருத்தி எழுதப் பழக்குகிறோம். கொழும்பில் வேலைபார்த்துத் திரும்பும் பிள்ளைகள் 'டீ' என்கிறார்கள். தேத்தண்ணி என்பது ஆங்கில 'டீ' படிக்காதவர் வாயில் விழுந்து உருக்குலைந்த வடிவம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. நான் இங்கே நிறுவ முயல்வது இதற்கு நேர்மாறானது. தேத்தண்ணியின் 'தே' ஆங்கிலேயர் இத்தீவின் ஆட்சியைப் பிடிப்பதற்கு முந்திய சரக்கு. ஆங்கிலம் தானே தொலைத்துவிட்ட ஓர் ஒலி அதில் பத்திரமாக இருக்கிறது.

சீனத்திலிருந்து தொடங்க வேண்டும். பழஞ்சீனத்தில் கசப்புக் கீரை ஒன்றைக் குறித்த எழுத்தே தேயிலையையும் குறித்தது. தாங் அரச காலத்தில் அந்த எழுத்தில் ஒரு கோட்டைக் குறைத்துத் தேயிலைக்கென்று தனி எழுத்தை உண்டாக்கினார்கள். 8ஆம் நூற்றாண்டில் லூ யூ எழுதிய புகழ்பெற்ற தேயிலை நூலுக்குப் பின் அந்தப் புது எழுத்து நிலைத்தது. எழுத்து நாடு முழுவதற்கும் ஒன்று. வாசிப்பு மட்டும் இடத்துக்கு இடம் வேறு. வடக்கிலும் கன்ரன் பக்கத்திலும் அதைச் 'சா' என்று வாசிக்கிறார்கள். தென்கிழக்குக் கரையில், தாய்வான் தீவுக்கு எதிரே இருக்கும் ஃபூஜியன் மாகாணத்தின் ஹொக்கியன் பேச்சில் அதுவே 'தே'.

ஒரே சொல் எப்படித் 'த'கரமாகவும் 'ச'கரமாகவும் பிரியும்? தமிழர் இதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 'படித்து' என்று எழுதிப் 'படிச்சு' என்று பேசுகிறோம். 'வைத்த' என்பது வாயில் 'வச்ச' ஆகிறது. நாக்கு பல்லைத் தொட்டு எழும் வல்லொலி, அண்ணத்துப் பக்கம் நகர்ந்து உரசொலியோடு சேர்ந்துவிடுகிறது. சீனத்திலும் ஏறத்தாழ இந்த நகர்வுதான். பெரும்பாலான வட்டாரங்களில் பழைய வல்லொலி 'ச'வாக மாறிற்று. ஹொக்கியன் அடங்கிய மின் மொழிக் கிளை அந்த மாற்றம் நிகழுமுன்பே தனியாகப் பிரிந்துபோனதால் பழைய 'த'கரத்தை விடாமல் வைத்துக்கொண்டது. ஆக இரண்டில் மூத்த ஒலி 'தே'யின் முதலெழுத்துத்தான்.

பிறகு இந்த இரு வடிவங்களும் ஊர் புறப்பட்டன. உலக மொழிகளில் தேயிலையின் பெயரை நிலப்படத்தில் குறித்துக் காட்டிய சுவீடன் மொழியியலாளர் ஒஸ்டன் டாலின் வேலையைப் பார்த்தால் வழித்தடம் தெளிவாகத் தெரியும். தரைவழியே போனது 'சா': பாரசீகம், துருக்கி, உருசியா, இந்துஸ்தானி எல்லாம் 'சாய்' என்கின்றன, அரபு 'ஷாய்' என்கிறது. கடல்வழியே, ஒல்லாந்தர் கப்பலில் போனது 'தே': டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஆங்கிலம். தரை என்றால் சா, கடல் என்றால் தே என்று இதைச் சுருக்கிச் சொல்லும் பழக்கம் பரவியிருக்கிறது. அது முழுக்கச் சரியல்ல. போர்த்துக்கேயரும் கடலோடிகள்தாம், ஆனால் 1557 முதல் அவர்கள் குடியிருந்த மக்காவு கன்ரனியப் பேச்சு வழங்கும் இடம், அதனால் அவர்களுக்கு அது 'சா'. யப்பானுக்கும் கடல் தாண்டித்தான் போயிற்று, அங்கும் 'சா'. பர்மியருக்கோ இரண்டும் இல்லை. அவர்கள் 'லஃபெட்' என்கிறார்கள். எந்தத் துறைமுகத்தில் எந்தப் பேச்சுக்காரரிடம் வாங்கினார்கள் என்பதே கணக்கு.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1602இல் தொடங்கியது. 1610இல் அதன் கப்பல் ஐரோப்பாவுக்குத் தேயிலை கொண்டுபோனது. யாவாவின் பாந்தம், பத்தேவியா துறைகளிலும், 1624 முதல் 1662 வரை தாய்வானில் வைத்திருந்த கோட்டையிலும் ஒல்லாந்தர் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டது பெரும்பாலும் ஹொக்கியன் பேசும் சீன வணிகரோடு. சரக்கோடு சரக்கின் பெயரும் கைமாறிற்று. மலாய் மொழியில் இன்றும் அது 'தே'தான். மலேசியத் தமிழர் கடையில் 'தே' என்று கேட்பது அதனால்.

ஆங்கிலத்தின் கதை இங்கேதான் சுவையாகிறது. 1598இல் ஒல்லாந்தப் பயணி லின்ஸ்கோட்டனின் நூல் டச்சிலிருந்து ஆங்கிலமானபோது அதில் வந்த வடிவம் 'சா'. 1615இல் யப்பானின் ஹிராடோவிலிருந்த ஆங்கிலக் கம்பனி ஊழியர் ரிச்சர்ட் விக்கம், கியோத்தோவிலிருந்த தம் சகாவுக்கு நல்ல ரகத் தேயிலை அனுப்பச் சொல்லி எழுதிய கடிதத்திலும் 'சா'வின் ஒரு வடிவம்தான். ஆகவே ஆங்கிலேயர் முதலில் 'சா'காரர். பிறகு இலண்டனுக்குச் சரக்கு ஒல்லாந்தர் வழியே வரத் தொடங்க, பெயரும் மாறிற்று. 1660 செப்டெம்பர் 25ஆம் திகதி சாமுவேல் பெப்பிஸ் தம் நாட்குறிப்பில் இந்தச் சீனப் பானத்தை வரவழைத்துக் குடித்ததாக எழுதும்போது, சொல் 'த'கரப் பக்கம் வந்துவிட்டது.

அப்போதும் நீண்டகாலம் ஆங்கிலத்தில் அதன் உச்சரிப்பு 'டே' என்றே இருந்தது. 1714இல் அலெக்சாண்டர் போப் வெளியிட்ட 'ரேப் ஒஃப் த லொக்' காவியத்தில் அந்தச் சொல்லுக்கு இயைபாக வருவது கீழ்ப்படிதலைக் குறிக்கும் 'ஒபே'. இன்றைய உச்சரிப்பில் அந்த இயைபு நிற்காது, அன்று நின்றது. அதன் எழுத்தமைப்பும் அந்தக் காலத்துச் சாட்சி. ஆங்கிலத்தில் இ, ஏ என்ற அந்த இரட்டை உயிரெழுத்தால் எழுதப்பட்ட கடல், இறைச்சி முதலிய பல சொற்கள் நெட்டேகாரத்திலிருந்து நெட்டீகாரத்துக்கு நழுவியபோது இதுவும் கூடவே நழுவி 'டீ' ஆயிற்று. 'கிரேட்', 'பிரேக்' போன்ற சில மட்டும் பழைய ஒலியோடு தங்கிவிட்டன. அயர்லாந்து வாய்வழக்கிலும் பழைய 'டே' தங்கியது. அதனால்தான் ஆட்டக்காரரின் பட்டியலில் அந்த 6 புள்ளிச் சொல் இருக்கிறது. இந்தியாவின் 'சாய்' படைமுகாம்களில் 'சார்' ஆகி இன்னொரு வாசல் வழியாக உள்ளே வந்தது. ஐந்து சொற்களும் ஒரு சீன எழுத்தின் ஐந்து நூற்றாண்டுப் பயணத்தில் வெவ்வேறு துறைகளில் இறங்கியவை.

பொருளும் பெருகிற்று. இலை, அதன் பானம், மாலைச் சிற்றுணவு, வேறு மூலிகைகளின் கொதிநீர், டெஸ்ட் கிரிக்கெட்டின் இடைவேளை, கடைசியாக இன்றைய இளையவர் பேச்சில் ஊர்வம்பு என்று அந்த மூன்றெழுத்து தாங்கும் சுமை அதிகம்.

இனி இலங்கைக்கு வருவோம். ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைப் பிடித்து, 1796 வரை கரையோரத்தை ஆண்டார்கள். 1796இல் ஆங்கிலேயர் வந்தபோது அவர்கள் வாயில் அந்தச் சொல் 'டீ' ஆகிவிட்டிருந்தது. அவர்களிடமிருந்து நாம் அதை வாங்கியிருந்தால் 'ஈ'காரம் வந்திருக்க வேண்டும், 'ஏ'காரம் வந்திருக்காது. இது முதல் சான்று.

இரண்டாவது சான்று மெய்யெழுத்தில் இருக்கிறது, அது இன்னும் வலுவானது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்த சொற்களில் அவர்களுடைய 'ட்' பெரும்பாலும் நம்மிடம் டகரமாகவே விழுகிறது: டிக்கெட், ஸ்டோர், டஸ்ட். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் தந்த சொற்களில் அதே எழுத்து தகரமாகிறது: சப்பாத்து, துவாய், தோம்பு போர்த்துக்கேயர் வழி, கந்தோர் ஒல்லாந்தர் வழி. அவர்கள் நாக்கு பல்லைத் தொடும், ஆங்கிலேயர் நாக்கு அண்ணத்தின் மேட்டைத் தொடும். தேத்தண்ணி 'த'கரத்தில் தொடங்குகிறது. சிங்களத்திலும் அது 'தே', பல்லைத் தொடும் தகரத்தோடு. போர்த்துக்கேயருக்கு அது 'சா' என்பதால் அவர்களைக் கழித்துவிடலாம். மிஞ்சுவது ஒல்லாந்தர், அல்லது ஒல்லாந்தர் யாவாவிலிருந்து படைவீரராகவும் கைதிகளாகவும் இங்கு கொண்டுவந்த மலாய் பேசுவோர். இரண்டில் எதுவானாலும் காலம் ஒன்றே.

மூன்றாவது சான்றாகத் தேயிலையின் மூத்த பங்காளியைக் கூப்பிடுகிறேன். தமிழ்நாட்டில் அது காப்பி. ஆங்கில 'காஃபி'க்கு நெருங்கியது. இலங்கையில் தமிழரும் சிங்களவரும் சொல்வது கோப்பி. ஒல்லாந்தரின் 'கோஃபி' அப்படியே. காப்பியும் டீயும் ஒரு கரை, கோப்பியும் தேயும் மறுகரை. இரண்டு பானங்களும் ஒரே பிளவில் பிரிந்து நிற்பதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளான மலையகத்தார் ஏன் ஊர் வழக்கை விட்டு இத்தீவின் வழக்கைப் பேசுகிறார்கள் என்று கேட்கலாம். விடை ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து மக்கள் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கிய 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழ்நாட்டுக் கிராமத்தில் தேயிலையைக் குடிப்பார் இல்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை அந்த மலைகளை மூடியது. 1890இல் தோமஸ் லிப்டன் வந்து அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னையை வாங்கினார். 1893இல் ரயில் அப்புத்தளைக்கு வந்தது, அடுத்த ஆண்டு பண்டாரவளைக்கு, 1924இல் பதுளைக்கு. தமிழ்நாட்டில் பானம் பரவலானது இதற்கெல்லாம் பிந்தி. இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம் 1930களில் ஊர் ஊராகச் சென்று இலவசமாக ஊற்றிக் கொடுத்துப் பழக்கிய காலத்தில்தான் அது சாதாரண மக்களிடம் இறங்கிற்று, ஆ. இரா. வேங்கடாசலபதி காப்பி பற்றி எழுதிய ஆய்வு இந்தப் போட்டியையும் தொட்டுச் செல்கிறது. அந்தப் பிரசாரத்தோடு வந்தது ஆங்கில 'டீ'. அதற்கு இரண்டு தலைமுறை முன்பே மலையகத்தார் தேயிலையை நட்டு, பறித்து, குடித்து, அதற்கு இத்தீவில் ஏற்கெனவே இருந்த பெயரை எடுத்துக்கொண்டார்கள். கடலின் அந்தப் பக்கத்தில் கேரளமும் கன்னியாகுமரியும் 'சாயா' என்று தனிவழி போயின.

சாயா என்றதும் ஓர் எச்சரிக்கை. பாலில்லாத வெறுந்தேத்தண்ணியைச் சாயத்தண்ணி என்று சொல்லும் வீடுகள் மலையகத்தில் உண்டு. இதைச் 'சாய்' என்பதோடு முடிச்சுப்போடும் ஆசை யாருக்கும் வரும். முடிச்சுப்போடக்கூடாது. துணிக்கு ஏற்றும் நிறத்துக்குத் தமிழில் நெடுங்காலமாக இருக்கும் சாயம் அது. நல்ல தூள் போட்டால் சாயம் இறங்கும், மட்டமான தூளில் இறங்காது. ஒலி ஒத்துப்போவதால் உறவு வந்துவிடாது.

அதே எச்சரிக்கையை என் பக்கத்துக்கும் வைத்துக்கொள்கிறேன். 'தே' என்று உச்சரிக்கும் அதே ஃபூஜியன் கரையில் சுவான்ஜோ என்ற துறைமுகம் இருக்கிறது. அங்கே 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது; தமிழ் வணிகர் அங்கு சிவன் கோயில் வைத்துக் கும்பிட்டார்கள். காலியில் 1911இல் கண்டெடுத்து இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் கல்லிலோ, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுச் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறிக்கச் செய்த வாசகம் இருக்கிறது. தேயிலைச் சொல்லின் மூலமும் இரு பாதைகளும் ஒரே கல்லில் வந்து நிற்பதாகத் தோன்றும். இதைக் கொண்டு தமிழர் 13ஆம் நூற்றாண்டிலேயே தே என்ற சொல்லை நேரடியாகக் கொண்டுவந்தார்கள் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் பொருள் வராமல் அதன் பெயர் மட்டும் வந்து ஐந்நூறு ஆண்டு வேலையில்லாமல் காத்திருக்காது. ஒல்லாந்தர் காலத்தோடு நிறுத்துவதே நேர்மை.

அந்தக் கரைக்குத் தமிழ் வேறொன்றைக் கொடுத்தது என்பது உறுதி. சீனரின் நடுவில் துளையிட்ட செப்பு நாணயத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் 'காஷ்'. பணத்தைக் குறிக்கும் அதே எழுத்துக்கூட்டுச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. நாணயப் பெயரோ தமிழ்க் காசு, போர்த்துக்கேயர் நாவில் 'காய்ஷா' ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. தமிழன் வாயில் சீனச் சொல், சீன நாணயத்துக்குத் தமிழ்ப் பெயர். கடை விரித்தவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துவிட்டுப் போனவை இவை.

பிறகு வந்த காலத்தில் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைப் பாருங்கள். கங்காணி போயிற்று. கட்டுமரம் போயிற்று. கூலி போயிற்று, குஜராத்துப் பக்கத்துக் கோலி இனப்பெயரே அதன் மூலம் என்று வாதிடுவோர் உண்டு, என்றாலும் தென்னாட்டுத் துறைகளில் நாட்சம்பளத்தைக் குறிக்கும் சொல்லாக அது வழங்கிய விதம் தமிழ் மூலத்தையே எனக்குக் காட்டுகிறது. வணிகனாக நின்றபோது தமிழன் காசைக் கொடுத்தான். தோட்டத்தில் நிறுத்தப்பட்டபோது அவனிடமிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்டது கூலியும் கங்காணியும். சொல்லைக் கைமாற்றும் அதிகாரம் விற்பவனிடம் இருக்கிறது, பறிப்பவனிடம் இல்லை.

தேயிலைத் தொழிற்சாலையில், மலையகத்தார் சொல்வதுபோல 'ஸ்டோரில்', மூட்டைகளின் மேல் அச்சடித்திருக்கும் 'பீக்கோ' என்ற தரப்பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஹொக்கியன் சொல். வெண்ணிற மென்மயிர் என்பது பொருள். விரியாத குருத்தின் மேல் படிந்திருக்கும் அந்தப் பூம்பஞ்சு. ஃபூஜியன் வணிகர் தம் வாயால் சொல்லி விற்றதால் அது இலண்டன் ஏலத்துக்கும், அங்கிருந்து உலகின் எல்லாத் தேயிலைப் பெட்டிக்கும், ஸ்கிரபிள் பலகைக்கும் போயிற்று, 11 புள்ளி. 'கொங்கூ', 'பொஹீ' இரண்டும் அதே கரையின் பேச்சு. அந்தக் குருத்தையும் அதன் கீழ் இரண்டு இலையையும் நூற்றைம்பது ஆண்டாகக் கிள்ளும் பெண்கள் அதற்குக் கொழுந்து என்கிறார்கள். அவர்கள் தேயிலை பறிப்பதில்லை, கொழுந்து எடுக்கிறார்கள். வேலைக்குப் போவது மலைக்குப் போவது. ஆளெடுக்கும் இடம் பெரட்டுக்களம், ஆங்கிலப் 'பரேட்' மலையேறி வந்து எடுத்த உரு. ஒரு நாட்சம்பளம் ஒரு பேர். நிறுவை குறைந்தால் அரைப்பேர். ஊவாவில் கச்சான் காற்று காய்ந்து வீசும் யூலை முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் எடுக்கும் கொழுந்துக்குத்தான் உலகச் சந்தையில் ஊவா வாசம் என்று தனி விலை. அந்த விலைக்குரிய நுட்பம் முழுவதும் கொழுந்து என்ற சொல்லைச் சொல்பவரின் விரலில் இருக்க, கொழுந்து எந்தப் பெட்டியிலும் அச்சாகவில்லை.

இந்தச் சொற்களை எழுத்தில் காத்தவர்கள் பெரும்பாலும் படைப்பாளிகள். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார். பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, வேலைபார்த்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் தம் கதைகளில் இப்பேச்சைத் திருத்தாமல் வைத்தார். அவர் 2022இல் மறைந்தார். கதைக்குள் வந்த சொல் கதைக்குத் தேவையான அளவே வரும். எந்தத் தோட்டத்தில் எந்தச் சொல், அதன் நுண்பொருள் என்ன, பக்கத்துத் தோட்டத்தில் எப்படி மாறுகிறது என்பதற்கு அகராதி வேலை வேண்டும்.

பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே அங்கே பட்டப்படிப்பு நடக்கிறது. அப்புத்தளை வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நடைபாதைக்கு 'பீக்கோ' என்று பெயர் வைத்து உலகத்தை அழைத்திருக்கிறோம். அந்தப் பாதை பெரும்பாலும் பழைய தோட்டப்பாதைதான். அதன் இருபுறமும் உள்ள லயங்களில், கொழுந்தெடுத்த தலைமுறையின் மூத்த பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். உயர்தர வகுப்பில் தமிழ் படிக்கும் ஒவ்வொரு மாணவியும் தன் அம்மாயியிடம் அமர்ந்து நூறு சொல் எழுதிவந்தால், இரண்டு மூன்று ஆண்டுகளில் அப்புத்தளைக்கும் அல்துமுல்லைக்கும் பண்டாரவளைக்கும் சேர்த்து ஒரு சொற்றொகுதி கையில் இருக்கும். அதில் 'தேத்தண்ணி' என்ற பதிவுக்கு எதிரே 'டீயின் திரிபு' என்று யாரும் எழுதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹொக்கியன், மலாய், டச்சு என்று அதன் வழியை எழுதி, ஆங்கிலத்தைப் பக்கத்து வீட்டுக்காரராக மட்டும் குறித்தால் போதும்.